வெள்ளைச் சுவரின் ஓரம்

பெங்களூரிலிருந்து துமகூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், யஷ்வந்த்பூரைத் தாண்டியதும் ஒரு காலத்தில் கேழ்வரகு வயல்களும் ஏரிக்கரைகளுமாகக் கிடந்து, 1970களின் பிற்பகுதியில் தொழிற்பேட்டையாக வகுக்கப்பட்டு, இன்று ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகளின் ஓசையிலே கண்விழிக்கிற பீன்யாவுக்கு, எங்கள் வீட்டின் பழைய ஸ்நான அறையைப் புதுப்பிக்கும் பொருட்டு வெள்ளை டைல் வாங்கப் போயிருந்தேன். வெள்ளை என்பது ஒரே நிறம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகைமேல் சாய்த்து வைத்தபோது, பாலின் வெண்மையும், புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் வெண்மையும், நீலம் போட்டு அலசிய வேட்டியின் வெண்மையும், வடித்த கஞ்சியைப் போல மஞ்சள் தட்டிய வெண்மையும் தனித்தனி என்பது கண்ணுக்குப் பிரத்தியட்சமாயிற்று. எதை எடுப்பது என்று நான் தயங்கி நிற்க, உடன் வந்திருந்த மேஸ்திரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக இந்த ஊரிலே கொத்து வேலை செய்கிறவர், ஒரு டைலைக் கையிலெடுத்துப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்.

“சார், முகத்தை அப்புறம் பார்க்கலாம். ஓரத்துக்கு என்ன போடப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க.”

அவர் காட்டிய ஓரத்தில் வெண்மை இல்லை. நகக்கனமே உள்ள மெல்லிய வெள்ளைப் படலம் மேலே படிந்திருக்க, அதன் கீழே செங்கல்லுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுத்தரமான மண்ணிறம் தெரிந்தது. வெள்ளை டைல் முகத்தில்தான் வெள்ளை, உடம்பு மண்தான். ஜன்னல் திரும்பும் மூலையிலும், சுவர் வெளிப்புறமாக மடங்கும் இடத்திலும், டைல் முடிந்து பூச்சு தொடங்கும் கோட்டிலும் அந்த மண் வெளியே எட்டிப் பார்க்கும். அதை மறைப்பதற்கென்றே உண்டான ஒரு தனிக் கலை இருந்தது என்பதையும், அது நம் கண்முன்னே மறைந்துவிட்டது என்பதையும் அன்று முதல் நான் தேடித் தேடி அறிந்தேன். அந்தச் சரித்திரத்தையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பளபளக்கும் வெள்ளைச் சுவர் நமக்கு வெளியிலிருந்து வந்த பொருளன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்து இறங்கிய ஐரோப்பியர் பலர், கடற்கரையை ஒட்டி நின்ற மாளிகைகளின் தூண்களையும் சுவர்களையும் சலவைக்கல் என்றே முதலில் எண்ணி, அருகே சென்று தொட்டுப் பார்த்து, அது கிளிஞ்சல் சுண்ணாம்பினால் ஆன பூச்சு என்று அறிந்து வியந்தார்கள். செயிண்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் இந்தச் சாந்து செய்யும் முறையை எழுதியனுப்ப, லண்டன் ராயல் சொஸைட்டி 1730களின் தொடக்கத்தில் அதைத் தன் சஞ்சிகையில் பிரசுரம் செய்தது. வெல்லத்தையும் கடுக்காயையும் ஊறவைத்த நீர், முட்டையின் வெண்கரு, நெய், தயிர் என்று நம் சமையற்கட்டுப் பண்டங்களெல்லாம் அந்தக் குறிப்பிலே வருகின்றன. விஞ்ஞான சபையொன்று தயிரையும் கடுக்காயையும் கட்டடச் சாமான்களாக ஏற்று அச்சிட்டதை நினைக்கும்போது, அந்தக் கொத்தனார்களின் பெயர்களில் ஒன்றாவது நமக்குக் கிடைத்திருக்கலாகாதா என்று மனம் ஏங்குகிறது.

இதே வித்தை செட்டிநாட்டில் இன்னும் பக்குவப்பட்டது. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் உள்ள பெருவீடுகளில், நூறாண்டு கடந்தும் விரல் வைத்தால் வழுக்குகிற சுவர்களை இன்றும் காணலாம். முரட்டுச் சாந்தின்மேல் மெல்லிய சாந்து, அதன்மேல் அம்மியில் அரைத்த வெண்ணெய் போன்ற சுண்ணம் என்று பல பூச்சுகள் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவைக் கூட்டி, ஈரம் உலர்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லினால் மணிக்கணக்காகத் தேய்த்து மெருகேற்றினார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் பொருளீட்டிய அச்செல்வர்கள் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பூவேலை டைல்களைத் தருவித்துச் சுவர்களின் கீழ்ப்பாகத்தில் பதித்தபோதும், மேற்பாகத்து வெண்மையைச் சுண்ணத்துக்கே விட்டுவைத்தார்கள். அது சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். சுண்ணச் சுவருக்கு ஓரம் என்று தனியாக ஒன்று கிடையாது. மூலை வந்தால் கரணை வளைந்து செல்லும். ஜன்னல் வந்தால் பூச்சு உள்ளே திரும்பி மரச்சட்டத்தைத் தொட்டு நிற்கும். வெட்டுவாயே இல்லாத ஒரே தோல் அது. துண்டு துண்டாகச் செய்த டைல் வந்த பிறகுதான் ஓரம் என்ற பிரச்சினை பிறந்தது.

டைலின் வெண்மைக்கும் நெடிய வம்சாவளி உண்டு. சீனத்துப் பீங்கானைக் கண்டு ஆசைப்பட்டு, ஆனால் அதற்குரிய வெண்களிமண் கிடைக்காமல், ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர்கள் ஈயத்தின் உறவினமான வெள்ளீயத்தைச் சுட்டுப் பெற்ற தூளை மெருகிலே கலந்து, மண்ணின் நிறத்தை மறைக்கும் வெள்ளைப் போர்வையை உண்டாக்கினார்கள். அந்த உபாயம் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் சென்று, ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் பிரசித்தி பெற்றது. ஆகவே மண்ணை மறைப்பதற்காகவே பிறந்தது வெள்ளை மெருகு. மேஸ்திரி திருப்பிக் காட்டிய ஓரத்தின் ரகசியம் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது.

அதைக் கைத்தொழிலிலிருந்து யந்திரத் தொழிலாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1840இல் ரிச்சர்டு பிராஸர் என்பவர், ஈரக் களிமண்ணைப் பிசைவதற்குப் பதிலாக, ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை எஃகு அச்சில் இட்டு அழுத்திப் பொருள்கள் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தது சட்டைப் பொத்தான்! ஸ்டோக் நகரத்து ஹெர்பர்ட் மின்டன் அதிலே டைலைக் கண்டார். உலர்தூளில் செய்தது அதிகம் சுருங்காது, கோணாது. ஆயிரம் டைலும் ஒரே அளவாக வரும். அளவு ஒன்றாக வந்ததும் சுவர் முழுவதும் பதிப்பது சாத்தியமாயிற்று. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற ஞானம் பரவியபோது, அழுக்கு ஒளிந்துகொள்ள இடம் தராத வெள்ளை டைல் ஆஸ்பத்திரிக்கும் பால்கடைக்கும் ஸ்நான அறைக்கும் வந்து சேர்ந்தது. 1900இல் பாரிஸ் நகரத்துச் சுரங்க ரயில் நிலையங்களிலும், 1904இல் நியூயார்க்கிலும், வெளிச்சத்தைத் திருப்பி வீசும் பொருட்டு அதையே பதித்தார்கள். நியூயார்க்கில் பதித்தது மூன்றங்குலத்துக்கு ஆறங்குலம். பெங்களூர்க் கடைகளில் இன்றைக்கு ‘சப்வே டைல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது அதே அளவைத்தான்.

இந்த வெண்மைக்கு விலையும் கொடுத்தார்கள். மெருகு எளிதாக உருகுவதற்காகக் காரீயம் சேர்த்தமையால், அதைத் தோய்த்தெடுத்த ஆண்களும் பெண்களும் நஞ்சேறி நரம்பு தளர்ந்தார்கள். 1899இல் தார்ப், ஆலிவர் என்ற இரு நிபுணர்கள் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அளித்த அறிக்கையில், காரீயம் இல்லாமலே பெரும்பாலான மெருகுகளைச் செய்யலாம் என்று எடுத்துரைத்த பிறகே கட்டுப்பாடுகள் மெல்ல மெல்ல வந்தன.

அக்காலத்து ஆங்கிலத் தொழிற்சாலைகள் செய்த ஒரு காரியத்தை இங்கே விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். அவர்கள் தட்டை டைலை மட்டும் விற்கவில்லை. சுவரும் தரையும் சந்திக்கும் இடத்துக்கு உட்குழிந்த துண்டு, வெளிமூலைக்குக் கால்வட்டமாக உருண்ட துண்டு, டைல் முடியும் உயரத்தில் உட்கார மூக்கு வைத்த தொப்பித் துண்டு, இரண்டு உருளைகள் சந்திக்கும் மூலையில் இடுவதற்கு எலுமிச்சைச் சுளை போன்ற மிகச் சிறிய துண்டு என்று, ஒரே மண்ணில், ஒரே மெருகில், ஒரே சூளையில் வெந்த ஒரு குடும்பத்தையே சேர்த்து விற்றார்கள். அதனால் வெள்ளை மண்ணிறத்தைக் காட்டாமலே திரும்பியது. சுண்ணச் சுவரின் கரணை வளைவு, சூளையிலே மறுபிறவி எடுத்தது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இந்த ஊரின் பழைய வீடுகளில் கன்னடத்தார் ‘பச்சல மனெ’ என்று வழங்குகிற ஸ்நான அறை, வெண்மைக்கு நேர்மாறான இடமாக இருந்தது. தரையிலே கருங்கல் பலகை. மூலையில் விறகடுப்பின்மேல் கட்டிப் புதைத்த பெரிய செப்பு அண்டா. புகைபடிந்து தார் பூசியதுபோல் கறுத்த சுவர். தீபாவளிக்கு முந்தின நாள் நீர் நிரப்பும் பண்டிகையன்று அண்டாவைப் புளியிட்டுத் துலக்கி, செம்மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கோலமிட்டு, நீர் நிறைத்துப் பூஜித்தார்கள். அந்த அறைக்குள் வருஷத்துக்கு ஒருமுறை வந்த வெண்மை, அந்தச் சுண்ணாம்புக் கோடு ஒன்றுதான். நம் தமிழ் வீடுகளிலும் கிணற்றடியும் புழக்கடையுமே குளிக்கும் இடங்களாயிருந்தமையால், குளிக்கும் அறையின் சுவர் எப்படி இருக்கவேண்டும் என்று எவரும் யோசிக்கவே அவசியம் நேரவில்லை.

ஆகவே வெள்ளை டைல் அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னே, இரண்டு காரியங்கள் நடந்தாக வேண்டியிருந்தன: வீட்டுக்குள் குழாய்நீர் வரவேண்டும், வீட்டைவிட்டு விறகுப்புகை போகவேண்டும். முதற்காரியத்தை, பாலக்காட்டுச் சீமையில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சேஷாத்ரி ஐயர் தொடங்கி வைத்தார். ஊருக்கு வடமேற்கே, பீன்யாவுக்கும் அப்பால் உள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து 1890களின் நடுவில் நகரத்துக்குக் குழாய்நீர் கொண்டுவரும் திட்டம் அவர் காலத்தது. 1898இல் பிளேக் நோய் ஊரை உலுக்கியபோது, காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற வீதிகளோடு மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரிவாயின. 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது. 1974இல் காவிரி வந்தாள்.

இரண்டாம் காரியத்தை மின்சாரம் செய்தது. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும், 1905இல் பெங்களூர் வீதிகளுக்கும் மின்சாரம் வந்து சேர்ந்தது. மின்கம்பியைத் தாங்குவதற்குப் பீங்கான் குமிழ்கள் வேண்டியிருந்தமையால், 1930களில், திவான் மிர்ஸா இஸ்மாயிலின் காலத்தில், இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு அருகே சமஸ்தானத்தின் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. 1976இல் அது பாரத மிகுமின் நிறுவனத்தோடு இணைந்தது. ஆக, இந்த ஊரில் வெள்ளை மெருகு ஸ்நான அறைச் சுவருக்கு வருவதற்கு வெகு முன்னமே மின்கம்பத்தின் உச்சியில் ஏறி அமர்ந்துவிட்டது. அந்தக் கம்பிவழி வந்த மின்சாரம் பின்னாளில் வெந்நீர்க் கொதிகலனாகி, விறகடுப்பை அணைத்து, புகைச் சுவரை வெளுக்கச் செய்தது. ஒரே நதியின் ஒரே வீழ்ச்சி, புகையைப் போக்கி, பீங்கானுக்கும் காரணமாயிற்று என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் தணிவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் சுவர் டைலை இந்த நாட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். இராணிப்பேட்டையில் பாரி கம்பெனி 1952இல் சுகாதாரப் பீங்கான் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தது. 1958இல் தொடங்கிய ஜான்சன் ஸ்தாபனம் மும்பைக்கு அருகே தாணாவில் மெருகிட்ட டைல் தயாரித்தது. அப்போது வந்ததுதான் ‘ஆறுக்கு ஆறு’ என்று கொத்தனார்கள் இன்றும் சொல்கிற ஆறங்குலச் சதுர வெள்ளை டைல். அதை இரவெல்லாம் தொட்டியில் ஊறப்போட்டுக் காலையில் பதிப்பார்கள். மண்ணுடம்பு நீரைக் குடிக்கும் தன்மையுடையது. ஊறாமல் பதித்தால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பிடிப்பு விட்டுக் கழன்றுவிடும். இடுக்கை நிரப்பிய வெள்ளை சிமெண்டைக் கோட்டயத்திலுள்ள திருவிதாங்கூர் சிமெண்ட் ஆலை, வேம்பநாட்டுக் காயலில் வாரியெடுத்த வெண்கிளிஞ்சலிலிருந்து செய்தது. மெருகை வெளுக்க வைக்கும் வெள்ளீயம் விலையேறிய பொருளாகிவிட்டமையால், அதன் இடத்துக்கு வந்த ஜிர்கான் என்னும் கனிமமோ கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலே கிடைப்பது. அந்நியப் பொருளென்று நாம் நினைத்த வெள்ளைச் சுவருக்குள் கிளிஞ்சலும் தென்கடல் மணலும் மறுபடியும் வந்து குடியேறின.

அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் சில மல்லேஸ்வரத்தில் இன்னும் இடிபடாமல் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் ஸ்நான அறையை அண்மையில் பார்த்தேன். இடுப்பளவுக்குச் சற்று மேலே, கொத்தனார்கள் ‘டேடோ’ என்று சொல்லும் உயரத்தில் வெள்ளை டைல் முடிகிறது. அதன் தலையில் உருண்ட தொப்பித் துண்டுகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஜன்னல் மூலையில் கால்வட்ட உருளைகள். ஐம்பது வருஷத்து நீரும் சோப்பும் பட்டும் ஓரிடத்திலும் மண் தெரியவில்லை. உருளையின்மேல் கைவைத்து நடந்தால் சுவர் எங்கே திரும்பியது என்பதே தெரியாதபடி அத்தனை இதம்.

இந்தத் துண்டுகள் ஏன் மறைந்தன? குஜராத்தில் மச்சு நதிக்கரையிலுள்ள மோர்பி, ஓடு சுடும் ஊராக இருந்து, 1979 ஆகஸ்டில் அணை உடைந்த பெருவெள்ளத்தில் அழிந்து எழுந்து, பின்னர் இந்நாட்டு டைலில் மிகப் பெரும்பங்கைச் சுட்டெடுக்கும் நகரமாக விருத்தியடைந்தது. அங்கே நீண்ட உருளைச் சூளைகளில் இரவும் பகலும் நிற்காமல் தட்டை டைல் ஓடுகிறது. உருண்ட துண்டு அந்த உருளைகளின்மேல் ஓடாது, தனி அச்சும் தனிக் கவனமும் கேட்கும், லாபமோ சொற்பம். டைலும் ஆறங்குலத்திலிருந்து எட்டுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினெட்டு, ஓரடிக்கு இரண்டடி என்று பெருத்தது. சுவர் தரையிலிருந்து கூரைவரை மூடப்பட்டது. தொப்பிக்கு வேலையில்லாமற் போயிற்று. மோர்பியில் களிமண் தூளின் நடுவே வேலை செய்வோர் பலருக்கு நுரையீரலில் சிலிக்கா படிந்து நோயாகிறது என்பதையும், காரீய நஞ்சைச் சொன்ன அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். விலை குறைந்ததைக் கொண்டாடுகிற நாம் அவர்களை மறப்பது நியாயமன்று.

ஓரத்தின் வேலை இப்போது உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விட்டது. அலுமினியத்தையோ துருப்பிடிக்காத எஃகையோ நீண்ட கோணப் பட்டையாக இழுத்து, டைலுக்கு அடியில் செருகி மூலையை மூடுகிறார்கள்; கடையில் ‘பீடிங்’ என்றும் ‘டிரிம்’ என்றும் கேட்கவேண்டும். மோர்பியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்துவரும் டைல் லாரிகள், துமகூருச் சாலை வழியே நகரத்தைத் தொடும்போது முதலில் காண்பது பீன்யாவை. அங்கேயே அலுமினியத்துக்கு நிறமேற்றும் பட்டறைகளும், குழாய்க்கும் கைப்பிடிக்கும் குரோமிய முலாம் பூசும் பட்டறைகளும் சந்துக்குச் சந்து இருக்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பிரதேசத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்துவிட்டதை சர்க்காரின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சுத்தத்தின் சின்னமாக நாம் கட்டுகிற அறையின் பளபளப்பு, வேறொருவர் கிணற்றைக் கெடுத்துப் பெறப்படுமானால், அது எந்த வகையில் சுத்தம்?

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு அதிகமாகையால், உலோகப் பட்டைக்கும் டைலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் அது வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மற்றொரு வழி, இரண்டு டைல்களின் விளிம்பையும் நாற்பத்தைந்து பாகைச் சாய்வாகத் தேய்த்து மூலையில் சேர்ப்பது. தேர்ந்த கை செய்தால் அழகாயிருக்கும். ஆனால் கத்தி முனைபோல் மெலிந்த அந்த விளிம்பிலே ஒரு செம்பு இடித்தால் போதும், மெருகு பெயர்ந்து மண் தெரிந்துவிடும்.

மேஸ்திரியின் கேள்விக்கு நான் பதில் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. கடைசியில், பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கத்தில் வெட்டியெடுக்கிற சாதரஹள்ளிக் கருங்கல்லை, அந்தச் சாம்பல் வெண்மையான கல்லை, இரண்டங்குல அகலப் பட்டைகளாக அறுத்து, முகத்தை அரைவட்டமாகத் தேய்த்து, ஜன்னலைச் சுற்றியும் டேடோவின் தலையிலும் வைப்பது என்று தீர்மானித்தோம். மண்ணை மறைக்கவேண்டிய அவசியமே கல்லுக்கு இல்லை; வெட்டினாலும் தேய்த்தாலும் உள்ளும் புறமும் ஒன்றே. அந்தக் கல்லின் பக்கத்தில் நீலம் ஓடிய வெள்ளை செத்த நிறமாகத் தெரிந்தது. கஞ்சி வெள்ளை அழுக்காகத் தெரிந்தது. சுண்ணாம்பு வெள்ளை மட்டும் உயிரோடு நின்றது. ஓரம் நிச்சயமானதும், எந்த வெள்ளை என்ற கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிட்டது. மூன்றுக்கு ஆறங்குலச் சுண்ணாம்பு வெள்ளையில், பெட்டிகளின்மேல் அச்சிட்டிருந்த ஷேட் எண் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் சரிபார்த்து வாங்கினோம். மேஸ்திரி தூக்குக் குண்டையும் ரசமட்டத்தையும் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் வேலை செய்தார். மூலையில் கல்லும் கல்லும் சேரும் இடத்தைத் தம் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

கல் எல்லா ஊரிலும் கிடைக்காது. எல்லார் கைக்கும் எட்டாது. ஆகையால், டைல் செய்கிற பெரிய ஸ்தாபனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொப்பித் துண்டையும், கால்வட்டத் துண்டையும், அந்த எலுமிச்சைச் சுளைத் துண்டையும் ஒரே ஒரு வெள்ளை ஷேட்டிலாவது மறுபடியும் செய்யுங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென்றே ஒரு பயிற்சி நிலையமும், அதைச் சுற்றிச் சிறு சூளைகளும் இருக்கின்றன. பெரிய ஆலையின் உருளைச் சூளையில் ஓடாத இந்தச் சிறு துண்டுகளை, அங்குள்ளவர்களின் கையில் கொடுத்தால் செய்து தருவார்கள்.